சிங்கக் கிணற்றுக்குப் போன இருபத்தேழு பேர்

மேலக்காடு (ஆண்டிமடம் வழி)
6-1-1974

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி காசிநாதன் எழுதுவது. இருமல் என்னை விட்டுவிட்டது, இருசம்மாள் கடைச் சாப்பாடு இன்னும் விடவில்லை. மற்றபடி சுகம்தான். உன் முழங்கால் வலி இந்தப் பனிக்கு எப்படி இருக்கிறது? மாமாவை மில்லில் மறுபடி கூப்பிட்டார்களா?

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இந்த மார்ச்சில்தான் முதல்முறையாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறார்கள். மொத்தம் இருபத்தேழு பேர், தமிழுக்கு நான் ஒருவன். இரண்டாம் தாளில் கடிதத்துக்குப் பதினைந்து மார்க்கு. வருஷா வருஷம் விடைத்தாள் திருத்தப் போகிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம், 'சுற்றுலா சென்று வந்ததைப் பற்றித் தோழனுக்குக் கடிதம் எழுதுக' என்று கொடுத்தேன். பதினொரு பேர் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். எட்டுப் பேர் யாரோ செத்துப்போனதை எழுதியிருந்தார்கள். இவர்கள் வீட்டுக்குக் கடிதம் என்று ஒன்று வந்தால் அதற்குத்தான் வரும்.

மலர்கொடி என்று ஒரு பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் எழுந்து, "சார், நாங்க எங்கயும் போனதில்லையே, எதை எழுதறது?" என்றாள். அம்மை ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கு ஒருநாள் கூடமாட நின்றதிலிருந்து தானும் நர்ஸ் டிரெயினிங் போக வேண்டும் என்கிறாள். பாஸ் செய்தால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் என்னோடு முந்திரிக்கொட்டை உடைக்க வர வேண்டியதுதான் என்று அவள் அம்மா காத்தாயி சொல்லிவிட்டாள்.

கடையில் விற்கிற நோட்ஸில் ஒரு கடிதம் இருக்கிறது. 'மாமல்லபுரத்துச் சிற்பங்கள் கண்களுக்கு விருந்தாக அமைந்தன.' படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. உன் கையால் உயிருள்ளதாக ஒன்று எழுதி அனுப்பு. மறுக்காதே.

மாமாவுக்கு வணக்கம் சொல்.
காசி

பெரம்பலூர்
19-1-1974

தம்பி காசிக்கு,

கொளஞ்சியம்மாள் ஆசீர்வாதம். பொங்கலுக்கு வராததற்கு உன்னைத் திட்டித்தான் தொடங்க வேண்டும், இடம் போதாது என்பதால் விட்டுவிடுகிறேன். முழங்கால் அப்படியேதான். மாமா தினமும் மில் வாசல்வரை போய்விட்டு வருகிறார்.

நீ கேட்டதை இந்த இன்லண்ட் கடிதத்திலேயே பொடி எழுத்தில் எழுதிவிட்டேன். மாமல்லபுரமெல்லாம் எதற்கு? உங்களுக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது.

"அன்புத் தோழிக்கு, ஜெயங்கொண்டம் தாண்டியதும் எங்கள் பஸ்ஸின் டயர் வெடித்துவிட்டது. டிரைவர் வேறு டயர் மாட்டும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். கோயிலைப் பார்ப்பதற்கு முன்பே சோறு தீர்ந்துவிட்டது! அங்கே ஒரு கிணறு உண்டு. சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்து படியிறங்கித்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நாங்கள் எல்லோரும் இறங்கினோம். என் தம்பி மட்டும், 'சிங்கம் வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது?' என்று அழுது வெளியிலேயே நின்றுவிட்டான்..."

மீதி கீழே இருக்கிறது. அழுத தம்பி யார் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லாதே, மரியாதை போய்விடும்.

ஒன்று மட்டும். வரி பிசகாமல் மனப்பாடம் செய்யச் சொல். சொந்தமாக எழுத விட்டால் பிழையிலேயே மார்க்குப் போய்விடும். எத்தனை வருஷமாகத் திருத்துகிறேன், எனக்குத் தெரியும்.

இருமல் திரும்பினால் அலட்சியமாக இருக்காதே.
கொளஞ்சி

மேலக்காடு
3-4-1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். உடம்பு சுகமா என்று கேட்பதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி வந்துவிட்டது! 'நீ சென்று வந்த சுற்றுலா குறித்துத் தோழனுக்கு அல்லது தோழிக்குக் கடிதம் வரைக.' தாளைப் பார்த்ததும் பிள்ளைகள் திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். சூபர்வைசர் மேஜையைத் தட்டினாராம்.

இரண்டு மாதம் தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் கோரஸாகச் சொல்ல வைத்தேன். ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட டயர் வெடித்தது தெரியும். இருபத்தேழு பேரும் எழுதிவிட்டார்கள், ஒரு வரி விடவில்லை. இருபத்தேழு பேருக்கும் ஒரே தம்பி, ஒரே அழுகை. மலர்கொடி ஓடிவந்து, "கமா கூட மறக்கல சார்" என்றாள். அந்தக் குழந்தைகளில் ஒருவர்கூட அந்தக் கோயிலைப் பார்த்ததில்லை அக்கா. பாஸானதும் எப்படியாவது கூட்டிப் போக வேண்டும்.

இந்த வருஷம் திருத்த எங்கே போடுகிறார்கள்? வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.
காசி

பெரம்பலூர்
20-5-1974

தம்பி காசிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தஞ்சாவூரில் திருத்தும் முகாம் முடிந்து நாலு நாள் முன்புதான் வந்தேன். வெயில் அதிகம். உடம்பு ஒருமாதிரி இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

பிள்ளைகள் எழுதும்போது ஊர்ப் பெயரையாவது மாற்றி எழுதியிருப்பார்களா? எல்லோருமே எழுதினார்கள் என்று நிச்சயமாகத் தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

நான் ஜனவரியில் எழுதியதை நீ எப்போதோ கிழித்துப் போட்டிருப்பாய். பழைய கடுதாசியெல்லாம் சேர்த்து வைக்கிற பழக்கம் உனக்கு இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.
கொளஞ்சி

மேலக்காடு
14-6-1974

அக்காவுக்கு,

உடல்நலம் விசாரிக்கக்கூட மனசு ஓடவில்லை. நீயும் மாமாவும் நன்றாக இருக்க வேண்டும்.

நேற்றுப் பேப்பரில் ரிசல்ட் வந்தது. ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். எங்கள் நம்பர் ஒன்றுகூட இல்லை. கடைசியில் 'முடிவு நிறுத்தி வைக்கப்பட்டவை' என்று ஒரு பட்டியல். அதில் எங்கள் பிள்ளைகளின் இருபத்தேழு நம்பரும் வரிசையாக இருந்தன. இன்று தலைமையாசிரியருக்கு ஓலை வந்துவிட்டது. தமிழ் இரண்டாம் தாளில் எல்லோர் கடிதமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதாம். கூட்டுக் காப்பி என்று திருத்திய இடத்திலிருந்து எழுதியனுப்பியிருக்கிறார்கள். அரியலூரில் விசாரணை.

மலர்கொடி பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, "நிறுத்தி வைக்கிறதுன்னா பெயிலுங்களா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பாஸா என்று அவள் கேட்கவில்லை.

திருத்தும் இடத்தில் இப்படி நடந்தால் மேற்கொண்டு என்ன செய்வார்கள்? உனக்குத்தான் தெரியும். உடனே எழுது.
காசி

மேலக்காடு
1-7-1974

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மாமாவையாவது ஒரு கார்டு போடச் சொல்.

அரியலூர் விசாரணை முடிந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, "யாரு பிட்டு குடுத்தா?" என்று கேட்டார்கள். நான்கு பேர் பயத்தில் அழுதுவிட்டார்கள். மலர்கொடியிடம் காகிதம் கொடுத்து, எழுது பார்ப்போம் என்றார் அதிகாரி. முழுக்கவும் எழுதினாள். நான் ஆசையோடு அவர் முகத்தைப் பார்த்தேன். "பரீட்சைக்குப் பொறவு சொல்லிக் குடுத்திருக்கலாமே வாத்தியாரே" என்றார்.

நான்தான் முன்பே மனப்பாடம் செய்ய வைத்தேன் என்று சொன்னேன். "எந்த நோட்ஸ்ல இருக்கு, காட்டுங்க" என்றார். எங்கே காட்டுவேன்? மாமல்லபுரக் கடிதத்தை இந்த வருஷமும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். அது அச்சில் இருப்பதால் படிப்பு. நோட்ஸில் இல்லாததை இருபத்தேழு பேர் எழுதினால் காப்பி. அதாவது, நாம் நன்றாக எழுதியதுதான் தப்பு. கேள்வியைப் பார்த்துவிட்டு நானே உள்ளே எழுதிக் கொடுத்தேன் என்பது அவர் சந்தேகம். பரீட்சைக்கு முன்பே இது எங்கள் கையில் இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டு காட்டினால் போதும், ரிசல்ட்டை விட்டுவிடச் சொல்லி எழுதுகிறேன் என்றார்.

அந்தத் துண்டுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. நீ எழுதிய இன்லண்டை நான் கிழிக்கவில்லை. பின்பக்கம் பெரம்பலூர் தபால் முத்திரை, ஜனவரி 19 என்று பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நீ திருத்தப் போகிறவள். உன் கையெழுத்தை உன்னைக் கேட்காமல் காட்டுவது சரியில்லை. காட்டட்டுமா?

நர்ஸ் டிரெயினிங்குக்கு மனு அனுப்ப ஜூலை 31 கடைசி. சரி என்று ஒரு வரி போதும்.
காசி

பெரம்பலூர்
16-7-1974

தம்பி காசிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன், அதனால்தான் தாமதம்.

தஞ்சாவூரில் அந்தக் கட்டில் ஒரு பகுதி என் மேஜைக்குத்தான் வந்தது. நம் பக்கத்துத் தாளை நம்மிடம் தரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் தாளிலேயே தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினான்கு போட்டேன். அடுத்ததற்கும் பதினான்கு. மீதிக் கட்டு பக்கத்து மேஜைக்காரரிடம் இருந்தது. அவர் திடீரென்று, "இங்க பாருங்க, எல்லாத்துக்கும் டயர் வெடிக்குது!" என்று உரக்கப் படித்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், காசி.

முதன்மைத் தேர்வாளர் வந்து, "டீச்சர், இதை நீங்க எங்கயாச்சும் படிச்சிருக்கீங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட தாள் வந்தால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நானோ அதற்குள் ஏழெட்டுத் தாளுக்கு மார்க்குப் போட்டுவிட்டேன். "இல்லீங்க சார்" என்றேன். கூட்டுக் காப்பி என்ற அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

நீ அந்த இன்லண்டைக் காட்டினால் நான் பொய் சொன்னது வெளியாகும். வேலை போகும். மாமாவுக்கு இரண்டு வருஷமாக வேலை இல்லை, இந்த வீட்டில் என் சம்பளம்தான். காட்டாதே என்று எழுத எனக்கு வாய் இல்லை. காட்டு என்று எழுதத் தைரியம் இல்லை.
கொளஞ்சி

மேலக்காடு
29-7-1974

அக்காவுக்கு,

இருவரும் சுகமாக இருக்க வேண்டும். உள்ளே எரிகிறது, ஆனாலும் அப்படித்தான் எழுத வருகிறது.

நேற்று முன்தினம் இன்லண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரியலூர் போனேன். ஆபீஸ் வராந்தா பெஞ்சில் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன். அதிகாரி இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனார். "என்ன வாத்தியாரே, சீட்டு கெடச்சுதா?" என்றுகூடக் கேட்டார். "தேடிக்கிட்டிருக்கேன் சார்" என்றேன். உன்னைப் போலவே நானும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் காத்திராமல் திரும்பிவிட்டேன்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் நீ. அந்த நன்றியா, வெறும் கோழைத்தனமா என்று எனக்கே தெரியவில்லை. நீ சிரித்தாய் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுதாமல் இருந்திருக்கலாம்.

நாளை மறுநாள் 31. மலர்கொடி இப்போது அம்மாவோடு கொட்டை உடைக்கப் போகிறாள். முந்திரி ஓட்டின் பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கிறது. நேற்று வழியில் பார்த்து, "அரியலூர் போயிட்டு வந்தீங்களாமே சார், எதுனா சொன்னாங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன்.
காசி

பெரம்பலூர்
9-8-1974

தம்பி காசிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவரிடம் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. முழுக்கக் கேட்டார். பிறகு, "போயிச் சொல்லிடு கொளஞ்சி. வேலை போனா போவட்டும். புள்ளைங்க சாபம் நமக்கு வேணாம்" என்றார்.

இன்லண்டைக் காட்டு. இது என் சம்மதம். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன். கடைசித் தேதி தாண்டிவிட்டது எனக்குத் தெரியும். இருந்தாலும் ரிசல்ட்டாவது வரட்டும்.

என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே.
கொளஞ்சி

மேலக்காடு
14-8-1974

அக்காவுக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. மறுநாளே அரியலூர் போனேன். இந்தத் தடவை பெஞ்சில் உட்காரவில்லை, நேராக உள்ளே போனேன்.

அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். உத்தரவு ஏழாம் தேதியே வந்துவிட்டதாம். இருபத்தேழு பேருக்கும் தமிழ் இரண்டாம் தாள் ரத்து. செப்டம்பரில் அந்தத் தாளை மட்டும் திரும்ப எழுத வேண்டும். ஹெட்கிளார்க் வயசானவர், நல்ல மனுஷன். இன்லண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைல் மெட்ராஸுக்குப் போயி முடிஞ்சுபோச்சு தம்பி. இனிமே இதைக் காட்டினா அந்த அம்மா வேலைதான் போவும், புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல. மடிச்சு உள்ள வைங்க" என்றார். மடித்து வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. ஜூலையில் பேசாமல் இருந்ததால் கெட்டது. இப்போது பேசியும் ஒன்றும் ஆகவில்லை.

காத்தாயி ஒரு வருஷம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இதில் தேறிவிட்டால் மலர்கொடி அடுத்த வருஷம் மனுப் போடலாம். தேறாவிட்டால் இனிப் படிப்புப் பேச்சே கிடையாது என்கிறாள்.

மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்.
காசி

பெரம்பலூர்
1-9-1974

தம்பி காசிக்கு,

மழை பிடித்துக்கொண்டது, முழங்கால் படுத்துகிறது. அதைவிடப் பெரிய வலி இருப்பதால் இது தெரியவில்லை.

முகாம் வேலைக்கு இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள், கண் சரியில்லை என்றேன். அதுவும் பொய்தான்.

ஒன்று சொல்கிறேன். இந்தத் தடவை யாரும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். அவரவர் வீட்டில் நடப்பதை அவரவர் எழுதட்டும். பிழை இருந்தாலும் பரவாயில்லை. ஜனவரியில் நான் இதைத்தான் உனக்கு எழுதியிருக்க வேண்டும்.
கொளஞ்சி

மேலக்காடு
28-9-1974

அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு இருசம்மாள் ஒரு தைலம் கொடுத்திருக்கிறாள், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். எனக்குச் சுகம்தான்.

பரீட்சை நேற்று முடிந்தது. இருபத்தேழு பேரில் பதினொரு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் ஊரிலேயே இல்லை. வந்தவர்களை மூன்று வாரம் நீ சொன்னபடிதான் பழக்கினேன். முதல் வாரம் யாருக்கும் ஒரு வரி வரவில்லை. "நீங்க சொல்லுங்க சார், எழுதிக்கிறோம்" என்று பேனாவோடு காத்திருந்தார்கள். மலர்கொடிக்குத்தான் முதலில் வந்தது. கொட்டை உடைத்துவிட்டு வந்து அவள் அம்மா சோறு பிசையும்போது விரல் எரிவதால் அகப்பையாலேயே பிசைவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். பத்துப் பிழை இருந்தது. நீ எழுதியதைவிட நன்றாக இருந்தது, அக்கா. நான் அவளிடம் அப்படியே சொன்னேன்.

நேற்றைய கேள்வி, 'உன் வீட்டாரின் தொழில் குறித்துத் தோழிக்குக் கடிதம் எழுதுக.' அதைவிட நல்ல கேள்வி அவளுக்கு வந்திருக்க முடியாது. நான் வெளியே வேலியோரம் நின்றிருந்தேன். மணி அடித்ததும் அவள் மெதுவாகத்தான் வந்தாள். "கடிதம் எழுதுனியாம்மா?" என்றேன்.

"எழுதுனேன் சார். ஒரு பக்கம் முழுசா எழுதுனேன். பொறவு அடிச்சுட்டேன்."

"ஏன்?"

"திரும்பிப் பாத்தேன் சார். எல்லாரும் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தாங்க. எங்க ஊருல எல்லார் வூட்டுலயும் முந்திரிதான சார் உடைக்கிறாங்க. எல்லாருக்கும் வெரலு எரியும்ல. அவங்களும் இதையே எழுதியிருந்தா?"

மீதிக் கேள்விகளுக்கு என்ன எழுதினாள் என்று கேட்டு, மார்க்குப் போட்டுப் பார்த்தேன். பாஸுக்கு வேண்டிய முப்பத்தைந்து வரவில்லை. எப்படிப் போட்டாலும் வரவில்லை. அவளிடம் சொல்லாமல், "பாக்கலாம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, அம்மா காத்திருப்பாள் என்று வேலைக்குப் போய்விட்டாள்.
காசி